தட்டினால் முதலிலிருந்து

வாயாடி குடையை மடக்கி வாசல் மூலையில் சாய்த்ததும் உள்ளே பேச்சு நின்றது. தன்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அவளுக்கென்று முறையாக ஒரு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

பாட்டி போனதிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. ஈரச் சுண்ணாம்பும் அந்துருண்டையும் கலந்த வாடை கூடத்தில் தேங்கி நின்றது. பகல்தான். ஆனால் மழை கொட்டிய கொட்டில் எதிரில் இருப்பவர் முகமே மங்கலாகத் தெரிந்தது. கரண்ட்டும் போயிருந்தது. பெரியப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். அத்தை அவருக்கு எதிரே. அம்மா வழக்கம்போல் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா காலமான பிறகு, இந்தக் கூடத்தில் அம்மா உட்கார்ந்து வாயாடி பார்த்ததில்லை.

பெயருக்குத்தான் பாட்டியின் நினைவு நாள். கூடியது வேறு காரியத்துக்கு. வாயாடி ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை பல் டாக்டர். கல்யாணத்துக்குப் பிறகு மேடை வேண்டாம் என்று அந்தப் பக்கத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவர் என் வாயை மட்டும் மூடச் சொல்கிறார் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, ராத்திரியில் தூக்கமில்லை. அந்த மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் தொல்லை. இன்று சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும்.

"வந்து உக்காரு," என்றார் பெரியப்பா. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு மனிதர்களிடமும் ரயிலை அனுப்புகிற குரலில்தான் பேசுவார். "முதல்ல உன் பாட்டியைப் பத்திப் பேசுவோம். அப்புறம் உன் விஷயம்."

அத்தை ஆரம்பித்தாள். அவளுக்குத் தன் அம்மாவைப் பற்றிப் பேச யாரும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு தடவை மேடையில மைக் நின்னு போச்சு. அம்மா அசரவே இல்ல. மைக்கே இல்லாம கடைசி வரிசை வரைக்கும் கேக்கிற மாதிரி பாடினாங்க. முதல் வரிசையில நான் உக்காந்திருந்தேன்."

டொக்.

மரத்தின் மேல் விரல் முட்டியால் தட்டிய சத்தம். நடையின் கடைசியில், பூட்டியிருந்த பாட்டு அறைக்குள்ளிருந்து வந்தது.

"ஒரு தடவை மேடையில மைக் நின்னு போச்சு," என்று அத்தை மறுபடி தொடங்கினாள். "அம்மா அசரவே இல்ல. மைக்கே இல்லாம கடைசி வரிசை வரைக்கும் கேக்கிற மாதிரி பாடினாங்க. நான் அன்னைக்குப் போகல. காய்ச்சல். அப்பா வந்து சொன்னாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகம் மாறியது.

"நான் ஏன் முதல்லேருந்து சொன்னேன்?"

காரணம் எல்லோருக்கும் தெரியும்.

மேடையை விட்ட பிறகு பாட்டி ஒரு வரிகூடப் பாடியதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதையும் வாய் திறக்காமலே செய்தாள். ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். பாடுகிறவர்கள் பிசகினால் பெட்டியின் மூடியில் விரல் முட்டியால் ஒரு தட்டு. எங்கே தப்பு, என்ன தப்பு என்று சொல்ல மாட்டாள். தட்டினால் முதலிலிருந்து பாட வேண்டும். தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிறவரை விட மாட்டாள். அத்தை, அப்பா, அம்மா, வாயாடி எல்லோரும் அந்தத் தட்டில் வளர்ந்தவர்கள். அம்மா அங்கே பாடக் கற்க வந்து மருமகளானவள். வாசல் கதவை யாராவது தட்டினால்கூட இந்த வீட்டில் பேச்சை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று அப்பா கேலி செய்வதுண்டு.

பெரியப்பா மட்டும் பாட்டுப் பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை.

"எலி," என்றார் அவர். எழுந்து, சாவியை எடுத்துக்கொண்டு நடையில் போனார். வாயாடியும் பின்னால் போனாள்.

அறை திறந்ததும் பாட்டியின் தைல வாசனை அடித்தது. இத்தனை மாதம் கழித்தும் நெடி குறையவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. நடுவில் ஆர்மோனியப் பெட்டி. அதன் மூடியில் தூசி கம்பளம்போலப் படிந்திருந்தது, ஓர் இடத்தைத் தவிர. விரல் முட்டி விழும் இடத்தில், மரம் அப்போதுதான் துடைத்ததுபோல் பளபளத்தது.

பெரியப்பாவும் பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. தோள் துண்டை எடுத்து மூடி முழுவதையும் துடைத்தார்.

"இப்ப எல்லா இடமும் ஒண்ணுதான்," என்று சொல்லிக் கதவைப் பூட்டினார்.

கூடத்துக்குத் திரும்பியதும் அவர் சுற்றி வளைக்கவில்லை. "இங்க பாரு. உன் பாட்டி குரலுக்கு முன்னாடி நீ எல்லாம் எம்மாத்திரம்? அவங்களே குடும்பம்தான் பெரிசுன்னு தானா பாட்டை விட்டாங்க."

இந்த வீட்டில் இது வேதவாக்கு. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில், வெளியே பாடப் போகட்டுமா என்று கேட்டபோதும் இதைத்தான் சொன்னார். அம்மா அன்றைக்கு மூடிய வாய்தான். பாட்டியே விட்டாள் என்றால் மேலே என்ன பேசுவது?

டொக்.

"இங்க பாரு," என்றார் பெரியப்பா.

சொன்னவர் தானே திடுக்கிட்டார். ஆனால் நாக்கு நிற்கவில்லை.

"உன் பாட்டி குரலுக்கு முன்னாடி நீ எல்லாம் எம்மாத்திரம்? அவங்களே குடும்பம்தான் பெரிசுன்னு தானா..."

டொக்.

"இங்க பாரு. உன் பாட்டி குரலுக்கு முன்னாடி நீ எல்லாம் எம்மாத்திரம்? அவங்களே குடும்பம்தான் பெரிசுன்னு தானா..."

டொக்.

"இங்க பாரு."

அத்தை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே மழை திடீரென்று ஓய்ந்துவிட, கூரை ஓரத்தில் சொட்டும் தண்ணீர்கூடத் தனித்தனியாகக் கேட்டது. பெரியப்பாவின் கழுத்து நரம்புகள் புடைத்தன. வாக்கியம் ஓடியது, தட்டு விழுந்தது, வாக்கியம் மறுபடி முதலில் போய் நின்றது. சங்கீதம் கற்காத ஒரே ஆள் அவர். அவருக்கும் அன்று பாடம் நடந்தது.

வாயாடி பயந்துதான் போனாள். ஆனால் பயத்துக்கு நடுவிலும் ஒன்று உறைத்தது. தட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் விழுகிறது.

"'தானா'ங்கிறதுலதான் தட்டுறாங்க, பெரியப்பா," என்றாள் மெதுவாக.

அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துப் பல்லைக் கடித்தார். பேச்சு நின்றது. இறைத்த மூச்சோடு நடைப் பக்கம் திரும்பி, "தட்டுங்க. எவ்வளவு வேணா தட்டுங்க. நான் எதுவும் சொல்லப் போறதில்ல," என்றார்.

அந்த வீறாப்பைப் பார்த்து வாயாடிக்கே ஒரு கணம் வியப்பாக இருந்தது. பாட்டிக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறார்.

பேச்சை மாற்றத்தான் அத்தை வாயைத் திறந்தாள், பாவம். "அந்தக் கதவுல ஒரு பூ வளையம் தொங்குமே, ஞாபகம் இருக்கா அண்ணா? காய்ஞ்சு உதிர்ற வரைக்கும் அம்மா எடுக்கவே விடல. அம்மாவுக்குப் பூன்னா உயிர்."

டொக்.

"அந்தக் கதவுல ஒரு பூ வளையம் தொங்குமே," என்று அத்தை அழுதுகொண்டே மறுபடி தொடங்கினாள். "அம்மா... அம்மா அதை வாங்கல. யாரோ ஒரு ஆள் கொண்டு வந்தான். நான் அம்மா புடவையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். 'துக்க வீடு இதுதானாம்மா?'ன்னு கேட்டான். கச்சேரி சபாவுலேருந்து அனுப்பியிருக்காங்கன்னு சொன்னான். அம்மா அவனையே ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், 'ஆமா, இதுதான்'னு சொல்லி வாங்கிக்கிட்டாங்க."

தட்டு விழவில்லை.

"அப்ப யாரு செத்தாங்க, அத்தை?"

அத்தை யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் கண்கள் பெரிதாயின.

"யாருமே சாகலையே," என்றாள்.

சபாவுக்கு யாரோ போய் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்; 'தானா'வில் தட்டு வாங்கியவர் ஒருவர்தான். வாயாடி எழுந்து பெரியப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள். இந்த மனிதரை எதிர்த்து அந்த வீட்டில் யாரும் நின்றதில்லை. அவள் கேட்டாள்.

"சபாவுல போய் என்ன சொன்னீங்க, பெரியப்பா?"

"சபாவுல போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னேன்."

டொக்.

"சபாவுல போய், அம்மா வெளியூர் போயிருக்காங்கன்னு..."

டொக்.

"சபாவுல போய்..."

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

உதடுகள் உள்ளங்கைக்குள் அசைந்தன. அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. விரல் இடுக்கு வழியாக வார்த்தைகள் வெளியே வந்தன. 

"அம்மா செத்துட்டாங்கன்னு சொன்னேன்."

மீதியும் அதே வழியாக வந்தது.

பாட்டுக்காரி மகன் என்று சிநேகிதர்கள் சிரித்தார்களாம். அதற்காக, உயிரோடிருந்த தாயைச் சாகடித்துவிட்டு வந்திருக்கிறார். அதன்பின் எந்த மேடையும் அவளைத் தேடி வரவில்லை. தன் சாவுக்கு வந்த மலர் வளையத்தைத் தன் கையாலேயே வாங்கிக்கொண்ட பாட்டி, பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுக்கவில்லை. பாடவுமில்லை. தட்டினாள். இவ்வளவு காலமும் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். இவர்களுக்குத்தான் தப்பு எதுவென்று தெரியவில்லை.

"குடும்பத்து நல்லதுக்குத்தான் செஞ்சேன்," என்று முனகினார் பெரியப்பா.

டொக்.

அவர் தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

அப்போது அம்மா சமையலறை வாசலை விட்டு நகர்ந்தாள். கூடத்தின் நடுவுக்கு வந்து, காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, எல்லோருக்கும் எதிரே உட்கார்ந்தாள். நிமிர்ந்து, நிதானமாகச் சொன்னாள்.

"எனக்குப் பாட்டுல ஆசை இல்ல. அதனாலதான் விட்டேன்."

வேண்டுமென்றே சொன்ன பொய். அம்மா அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தாள். ஒரு சாட்சி வேண்டியிருந்தது அவளுக்கு.

டொக்.

இந்தத் தடவை அது பாட்டு அறையிலிருந்து வரவில்லை. அவர்கள் நடுவில் இருந்த மேசையிலிருந்து வந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது.

"எனக்குப் பாட்டுல ஆசை இருந்துச்சு," என்று முதலிலிருந்து சொல்லி, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டீங்களா?" என்று பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டாள். பிறகு மகளிடம் திரும்பி, "நீ கிளம்பு. அவருக்குப் பதில் சொல்லணும்ல," என்றாள்.

பேருந்தில் கூட்டமில்லை. வாயாடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலி. அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. பல் டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் கிளினிக்கில் இருந்தார்.

"என்ன முடிவு பண்ணின?"

"பாட்டை விட மாட்டேன். யாருக்காகவும் விட மாட்டேன். உங்களுக்கு இது சரிப்படலைன்னா சொல்லிடுங்க, இதோட முடிச்சுக்கலாம்."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"முடிச்சுக்கிட்டா உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்காது."

டொக்.

காதோரம். ஜன்னல் கண்ணாடியில். ஓடுகிற பேருந்தின் கண்ணாடியில்.

கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. ஆனால் வாய் முதலுக்குப் போனது, அதை அவள் தடுக்கவும் இல்லை.

"பாட்டை விட மாட்டேன். யாருக்காகவும் விட மாட்டேன். உங்களுக்கு இது சரிப்படலைன்னா சொல்லிடுங்க. முடிச்சுக்கிட்டா எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். அழுவேன். அப்பவும் விட மாட்டேன்."

கண்ணாடி பேசாமல் இருந்தது. நெஞ்சில் ஏறியிருந்த பாரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பல் டாக்டர் பெருமூச்சு விட்டார். "நீ ஏன் என்னைத் தப்பா நினைக்கிற? எனக்கு இதுல ஆட்சேபணையே இல்ல. எங்க அம்மாதான் மேடை வேண்டாங்கறாங்க."

தொலைபேசிக்குள்ளே, அவர் இருந்த அறையில், அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"இரு, கதவை யாரோ தட்டுறாங்க," என்றார் அவர். காலடி ஓசை. கதவு திறந்து மூடியது. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "வெளியில யாருமே இல்ல."

வாயாடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "நீ ஏன் என்னைத் தப்பா நினைக்கிற?" என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார். "இதை இப்பத்தானே சொன்னேன்? மறுபடி எதுக்குச் சொல்றேன்?"

"தெரியல," என்றாள் வாயாடி.

டொக் என்றது கண்ணாடி.

"தெரியும்," என்றாள் அவள். "நிறுத்தாதீங்க. முதல்லேருந்து சொல்லுங்க."