ஊறாத பலகை

வனத்துறை ரேஞ்சர் மேடத்தின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரு குண்டூசியால் உள்ளங்கையைக் குத்திக்கொண்டே இருந்தார். மடியில் பணிநீக்க உத்தரவு ஒன்று கிடந்தது.

"அஞ்சு மணிக்குள்ள இதுல கையெழுத்துப் போடணும், மேடம். மதகுக்காரருக்கு வேலை போயிடும். முப்பது வருஷ சர்வீஸ். எனக்குக் கை வரமாட்டேங்குது."

"கையில என்ன சார்?" என்றார் அவருடைய ஜீப் டிரைவர். எதையும் கேட்டு முடிப்பதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவதால் அவருக்கு 'அவசரம்' என்றே பெயர்.

"வேலிக் கம்பி கிழிச்சிடுச்சு."

ஓய்வுபெற்ற நீரளவை அதிகாரியான அந்த அம்மா டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

விஷயம் இதுதான். ஆறு பெருகினால் மதகுப் பலகைகளை உருவிவிட வேண்டும். தண்ணீர் அரசாங்கக் காட்டின் தாழ்நிலத்திலும் சதுப்பிலும் பரவிக்கொள்ளும், கீழ்த்தெரு பிழைக்கும். போன செவ்வாய்க்கிழமை யாரோ ஐந்து பலகைகளையும் போட்டு மதகை அடைத்துவிட்டார்கள். வெள்ளம் வந்தபோது ஒன்றைக்கூட அசைக்க முடியவில்லை. பன்னிரண்டு வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். அதில் ஒன்று மதகுக்காரருடைய வீடு.

"சொந்த வீட்டையே முழுகடிக்க அவருக்கென்ன பைத்தியமா?" என்றார் அவசரம்.

"அன்னிக்கு அவர் மதகுல இல்ல. தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டார். 'நான்தான் தப்பு'ன்னு அவரே ஒத்துக்கிட்டார்" என்றார் ரேஞ்சர். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அம்மாவும் அவசரமும் மதகுக்குப் போனபோது பலகைகள் இன்னும் இறுகியே நின்றன. அவசரம் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்து, சேற்றில் உட்கார்ந்ததுதான் மிச்சம். பக்கத்துக் குட்டையில் வேறு ஐந்து பலகைகள் கறுத்து, பாசி பிடித்து ஊறிக் கிடந்தன.

"இதையெல்லாம் ஏன் தண்ணியில போட்டிருக்கீங்க?" என்று அம்மா கேட்டார்.

"காய்ஞ்ச பலகை உள்ள போனதும் ஊறி உப்பிடும்மா. அப்புறம் யானை கட்டி இழுத்தாலும் வராது" என்றார் மதகுக்காரர். "ஊறினதைத்தான் நான் போடுவேன். புதுசெல்லாம் ரேஞ்சர் ஆபீஸ் அறையில பூட்டிக் கிடக்கு, சாவி என்கிட்ட கிடையாது."

"அப்புறம் ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"நான் இங்க இருந்திருக்கணும்ல?"

ஜீப்பில் அவசரம் பொறுக்கவில்லை. "எங்க ஆபீஸ்ல பறவை எண்ணுற பொண்ணு இருக்கே, அவதான் அக்கா! சதுப்புத் தரையில நாப்பத்தொரு கூடு இருக்கு. தண்ணி வந்தா முட்டையெல்லாம் போச்சு."

"உன் மூளைக்கும் ஒரு பிரேக் வேணும்ப்பா."

நாலரை மணிக்கு ரேஞ்சர் அறையில் எல்லோரும் கூடினார்கள். அம்மா பறவை எண்ணும் பெண்ணிடம் கையைக் காட்டச் சொன்னார். பேனா மை தவிர ஒன்றுமில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"குஞ்சு பொரிக்க ஒரு வாரம் போதும்னு கெஞ்சினேன். யார்கிட்டன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்க வேண்டாம்மா" என்றார் அம்மா. "பழைய பலகை அஞ்சும் குட்டையில இருக்கு. அப்போ மதகுல இருக்கிறது புதுசு. ஊற வைக்காததால இறுகிடுச்சு. மதகுக்காரர் அந்தத் தப்பைத் தூக்கத்துலகூடப் பண்ண மாட்டார். புதுப் பலகை இருந்த அறைக்குச் சாவி ரெண்டு. ஒண்ணு இந்தப் பொண்ணுகிட்ட. இன்னொண்ணு ரேஞ்சர்கிட்ட."

ரேஞ்சர் கையை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"கம்பி கிழிச்சா காயம்தான் ஆகும். ஊசி வெச்சுத் தோண்டி எடுக்க உள்ள ஒண்ணும் இருக்காது. இழைக்காத புது மரத்தை வெறுங்கையால இழுத்தாத்தான் உள்ளங்கையில மரச் சிலாம்பு ஏறும். பிடிபடணும்னுதானே சார் என்கிட்ட வந்தீங்க?"

ரேஞ்சர் தலையைக் குனிந்துகொண்டார். "தண்ணி ஏறினதும் உருவிடலாம்னு நெனச்சேன். கை கிழியக் கிழிய இழுத்தேன், வரல. கீழ்த்தெருவுல கூச்சல் கேட்டுது. ஓடி வந்துட்டேன். அவர் பழியை ஏத்துக்கிட்டதும் நான் பாவி வாயை மூடிக்கிட்டேன்."

மதகுக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "கூடெல்லாம் பொழச்சுதா?"

"பொழச்சுது அண்ணே."

பிறகு ரேஞ்சர் பக்கம் திரும்பினார். "என் பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சுட்டீங்களே சார். வயிறு எரியுது. பலகையப் போடுறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஊற வெச்சுப் போடுங்கன்னு சொல்லியிருப்பேனே. வெள்ளம் ஏறினதும் உருவி வீட்டையெல்லாம் காப்பாத்தியிருக்கலாம், அதுவரைக்கும் கூடும் ஒரு நாள் ரெண்டு நாள் தாங்கியிருக்கும்."



ரேஞ்சர் உத்தரவைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் தன் பெயரை எழுதி, செவ்வாய்க்கிழமை நடந்ததை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். பேனா சிலாம்பில் அழுந்தியது. அவர் நிறுத்தவில்லை.