இருபதாம் எண் யாருக்கு?

"ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் எப்படிண்ணே இருக்கும்?"

காலையிலிருந்து ரூபினி கேட்கும் எத்தனையாவது கேள்வி இது என்று அவளுக்கே தெரியாது. பள்ளி விடுமுறை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். வெளியே தேயிலைச் சரிவையே காணோம், அவ்வளவு மூடுபனி. வீட்டுக்குள் அண்ணன் யோகேஸ் இரண்டு மடிக்கணினிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். அவன் ஈப்போவில் கணினி படிக்கிறான்.

"நெஜமான பெட்டி ஒண்ணும் உள்ள இல்ல. இந்த லேப்டாப் தன்னோட மூளையில ஒரு பங்கைப் பிரிச்சுக் குடுத்துரும். அந்தப் பங்கு தனி கம்ப்யூட்டர் மாதிரி நடந்துக்கும். அதைத்தான் நான் சர்வரா ஆக்கியிருக்கேன்."

"சர்வர் என்ன செய்யும்?"

"ஆபீசுல நிறைய கம்ப்யூட்டர் இருக்கும்ல? யாரு உள்ள வரலாம், யாரு வரக்கூடாதுன்னு சர்வர்தான் பார்த்துக்கும். அது பார்த்துக்கற கூட்டத்துக்கு டொமைன்னு பேரு. இந்தப் பழைய லேப்டாப்பை அந்த டொமைன்ல சேர்க்கணும். அதான் சேர மாட்டேங்குது."

அன்று மாலை அவனுடைய ஆசிரியர் சசிதரன் சார் வீடியோவில் அழைப்பார். எல்லாம் சரியாக ஓடுவதைக் காட்டினால்தான் யோகேஸ் அடுத்த மாதம் தொழில் பயிற்சிக்குப் போக முடியும். இல்லாவிட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

"சர்வர் தெரியுது, வந்துருச்சு," என்றான் யோகேஸ். முகம் மலர்ந்தது. மறு நிமிடமே சுருங்கியது. "சே, போச்சு."

ரூபினி அண்ணனைப் பார்க்கவில்லை. பலகைச் சுவரைப் பார்த்தாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் அடுத்த வீட்டுக்காரர் தும்மினால்கூடக் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மகேனின் குரல் கேட்டது.

"ஐ, படம் வந்துருச்சு."

மகேனுக்கு ஏழு வயது. சரிவில் ஓடி விழுந்து, காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்கிறான். அவன் அம்மா திலகம் கொழுந்து பறிக்கப் போயிருந்தார். பிள்ளைக்குப் பொழுது போகட்டுமே என்று ரூபினியின் அம்மாதான் தங்கள் வீட்டு வைஃபையை அவர்களுக்கும் கொடுத்திருந்தார்.

"வந்துருச்சு," என்றான் யோகேஸ் மறுபடியும்.

"நின்னு போச்சே," என்றான் மகேன் சுவருக்கு அப்பால்.

ரூபினி அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். இங்கே வந்தால் அங்கே போகிறது. அங்கே வந்தால் இங்கே போகிறது. ஒரு தடவைகூட இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷப்படவில்லை.

அதை அண்ணனிடம் சொன்னாள்.

"அப்ப அவன் டிவிதான் வைஃபையை இழுக்குது. சாயந்தரம் வரைக்கும் பாஸ்வேர்டை மாத்தி வெச்சிரலாம்லா."

"அவன் ஒத்தையா படுத்துக் கெடக்கறான்ண்ணே. அந்தப் பொம்மைப் படத்தையும் நிறுத்திட்டா என்ன பண்ணுவான்? அதோட, அவன் இழுத்தா நமக்கு மெதுவாத்தானே ஆகணும்? ஏன் சுத்தமா காணாமப் போகுது?"

யோகேஸின் கை நின்றது. அது நல்ல கேள்விதான்.

"பொறுங்க, பார்த்துட்டு வர்றேன்," என்று ரூபினி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

மகேன் போர்வைக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "அக்கா, உங்க வீட்டு வைஃபைக்கு ஒடம்பு சரியில்லையா?"

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன். டிவியைக் கொஞ்ச நேரம் அடைக்கலாமா?"

"நான்தான் அடைப்பேன்," என்று ரிமோட்டை எடுத்துக்கொண்டான் மகேன்.

டிவி அடங்கியது. ரூபினி சுவரைத் தட்டினாள். "அண்ணே, இப்ப?"

"ஓடுது." கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஓடுது."

மகேன் டிவியைப் போட்டான். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அடைத்தான். "வந்துருச்சு." போட்டான். "போச்சு." மகேனுக்கு இது பொம்மைப் படத்தைவிடப் பிடித்துப்போயிற்று. ரூபினி ரிமோட்டைக் கெஞ்சி வாங்க வேண்டியதாயிற்று.

"ரூபினி," சுவருக்கு அப்பால் அண்ணனின் குரல் மாறியிருந்தது. "டிவியில செட்டிங்ஸ் போய் அதோட நம்பரைப் பாரு. வைஃபையில சேர்ற ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு."

பெரிய எண்ணாக இருந்தது. நடுநடுவே புள்ளி வேறு. ரூபினி ஒவ்வொன்றாகப் படித்தாள். "கடைசியில இருபது."

"இங்க வா," என்றான் அண்ணன். அவள் வீட்டுக்கு ஓடினாள். யோகேஸ் திரையைத் திருப்பிக் காட்டினான். சர்வரின் எண்ணும் அதேதான். கடைசியில் இருபது.

"வைஃபை பெட்டிதான் எல்லாத்துக்கும் நம்பர் குடுக்கும். ஆனா சர்வரோட நம்பர் மாறவே கூடாது. அதனால நானே ஒண்ணு எழுதி வெச்சேன். அப்ப டிவி அடைச்சிருந்துச்சு போல. அந்த நம்பர்ல யாருமில்லன்னு நெனச்சுட்டேன். இப்ப ஒரே நம்பருக்கு ரெண்டு பேரு, ஒண்ணு வந்தா இன்னொண்ணு போயிருது."

"அப்ப தப்பு மகேன் மேல இல்ல."

"இல்லலா. என் மேலதான்."

வைஃபை பெட்டி நூறு வரைக்கும்தான் எண்களைக் கொடுக்கும் என்று யோகேஸ் பார்த்துச் சொன்னான். இருநூறு யாருக்கும் போகாது. சர்வரின் எண்ணை இருநூறாக மாற்றினான். பழைய மடிக்கணினியில் டொமைனின் பெயரை அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அப்படியொரு டொமைனைக் காணோம் என்றது அது.

யோகேஸ் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். மூடுபனி விலகி, வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ரூபினி பழைய மடிக்கணினியையே உற்றுப் பார்த்தாள்.

"சர்வர் நம்பரை மாத்துனது இதுக்குத் தெரியுமா?"

யோகேஸ் நிமிர்ந்தான். "பேரைச் சொன்னா அது எந்த நம்பர்ல இருக்குன்னு வழி சொல்றதும் சர்வர்தான். இது இன்னும் இருபதுகிட்டதான் வழி கேட்டுக்கிட்டு இருக்கு."

"இருபது இப்ப மகேன் வீட்டு டிவிலா. அதுக்கு என்ன வழி தெரியும்?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பழைய மடிக்கணினியில், வழி கேட்க வேண்டிய இடத்தில் யோகேஸ் இருநூறு என்று எழுதினான். டொமைனின் பெயரை மறுபடியும் அடித்தான். இந்தத் தடவை திரையில் வரவேற்பு வந்தது. அடுத்த வீட்டில் பொம்மைப் படமும் நிற்காமல் ஓடியது.

மாலையில் சசிதரன் சார் அழைத்தார். ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிப் பார்த்தார். "நடுவுல ஏதும் சிக்கல் வந்துச்சா?"

யோகேஸ் கேமராவைத் தங்கை பக்கம் திருப்பினான். "வந்துச்சு சார். இவதான் கண்டுபிடிச்சா."

"எப்படிம்மா?"

"அடுத்த வீட்டுத் தம்பி கத்துனதைக் கேட்டேன் சார்."

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, சார் சிரித்துக்கொண்டே கேட்டார். "சரி, கடைசியா ஒண்ணு. டொமைன்ல புதுசா ஒரு ஆளைச் சேர்த்துக் காட்டுங்க."

யோகேஸ் யோசிக்கவே இல்லை. 'ரூபினி' என்று அடித்தான். பழைய மடிக்கணினி அவள் பெயரைக் காட்டி, புதிய பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது.

ரூபினி விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க."

யோகேஸ் திரும்பினான்.

"சார், நீங்களும்."

திரையில் சசிதரன் சார் நாற்காலியைச் சுழற்றி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.