தூசி வராத பக்கம்

“ஊதிப் பாத்தியாக்கா?”

“பாத்தாச்சுடா. லென்ஸைக்கூட மாத்திட்டேன். படத்துல புள்ளி போகல.”

“அப்ப கேமராவுக்குள்ள, சென்சார்லதான் தூசி. பனி கொட்டுறப்போ லென்ஸைக் கழட்டுனேல்ல, அனுபவி.” வாக்கி-டாக்கியில் ஓன்னி சிரித்தான். “மீன் டப்பாவக்கூட ஒழுங்கா மூடத் தெரியாது உனக்கு.”

தம்பி உறைந்த சதுப்பின் எதிர்க்கரையில், இன்னொரு பலகைக் குடிலில் இருந்தான். ஹில்யாவின் குடிலில் மண்ணெண்ணெய் அடுப்பும் ஆறிய காப்பியும் ஈரக் கம்பளியும் சேர்ந்து மணத்தன. சதுப்பின் நடுவே போட்டிருந்த செத்த துருவ மானைத் தின்னக் கழுகுகள் வரும்; அவற்றைப் படமெடுக்கத்தான் இருவரும் காத்திருந்தார்கள். விடியுமுன் குடிலுக்குள் நுழைந்தவர்கள் இருட்டும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது. ஆளைக் கண்டால் கழுகு அந்தக் குளிர்காலத்துக்கே திரும்பாது. இன்று ஒரு காகம்கூட இறங்கவில்லை.

லென்ஸின் ஒளித்துளையான அபர்ச்சரை முடிந்தவரை சுருக்கி வெறும் பனியைப் படமெடுத்தாள். தூசியைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. சதுப்பின் எதிர்க்கரைப் பக்கம் ஒரு சாம்பல் புள்ளி. கேமராவை வலப்பக்கம் திருப்பி மறுபடி எடுத்தாள். சென்சாரில் ஒட்டிய தூசி கேமராவோடு கூடவே வரும். எங்கே திருப்பினாலும் படத்தில் அதே மூலையில் நிற்கும்.

இது வரவில்லை.

பழையபடி திருப்பினாள். அங்கேயே இருந்தது. கண்ணை இடுக்கிச் சன்னல் வழியே பார்த்தாள். வெறும் பனி.

காலைப் படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். முதலில் புள்ளி காட்டோரம். பிறகு செத்த மானின் பக்கத்தில். பிறகு மானைத் தாண்டி, ஓன்னியின் குடிலை நோக்கி. நேற்றைய படங்களிலும் அது இருந்தது. தூசி என்று அவளே கணினியில் ஒவ்வொன்றாக அழித்திருந்தாள்.

“ஓன்னி, கதவுக்குத் தாழ் போட்டியா?”

“எதுக்கு? கரடியெல்லாம் தூங்குதுக்கா.”

“போடுடா.”

வாக்கி-டாக்கியில் இரைச்சல். பலகையை எதுவோ உரசும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

“ஓன்னி?”

இன்னொரு படம் எடுத்தாள். புள்ளி இல்லை. பனி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. எதிர்க்குடிலின் சன்னலில் ஓன்னியின் லென்ஸ் அசையாமல் இவளையே பார்த்தது. இரண்டு குடில்களுக்கும் இடையே, காலையில் பெய்த பனியில், ஒரு காலடிகூட இல்லை.

முதுகுக்குப் பின்னால் கதவு மெல்லத் தட்டப்பட்டது.

“நான்தான்க்கா.” ஓன்னியின் குரல். அதே சிரிப்பு. “கேமராவக் குடு, தொடச்சுத் தரேன். கதவத் திற.”