அதே பெயரில் இன்னொருத்தி

தடாலென்று இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே கொண்டி விழும் சத்தமும் கேட்டது.

"ஓபடையா அண்ணே! விளையாடாதீங்க!"

கல்லறைக் காவலர் ஓபடையா பெரிய விளக்கை எடுக்கக் காருக்குப் போயிருந்தார். போகும்போதுகூடக் கிண்டல். "பேருதான் சைலன்ஸ். வாய் மூடவே மாட்டேங்குறீங்களே அம்மணி! உள்ள தூங்கறவங்க எழுந்துடப் போறாங்க."

மாசசூசெட்ஸ் கடலோரக் குன்றைக் குடைந்து கட்டிய குடும்பக் கல்லறை அது. ஆதியில் கப்பலேறி வந்து குடியேறிய ரூபன் ஹாத்தவேயின் வம்சத்தவள் தான் என்று நிரூபிக்கத்தான் சைலன்ஸ் வந்திருந்தாள். ரூபனின் மகள் பெயரும் சைலன்ஸ்தான். தேவாலயப் பதிவில் அந்தப் பெயர் இரண்டு முறை இருந்தது. எழுதியவரின் கைத்தவறு என்று முதலாவதைத் தன் குறிப்பில் அடித்துவிட்டு வம்ச வரிசையை முடித்திருந்தாள்.

ஈர மண் வாடை மூக்கை அடைத்தது. கைபேசி வெளிச்சத்தில் ஒரு சின்னஞ்சிறு சவப்பெட்டி தெரிந்தது. அதன் மேலிருந்த ஈயத் தகட்டைத் துடைத்தாள்.

'சைலன்ஸ் ஹாத்தவே. வயது ஏழு.'

கைத்தவறு இல்லை. மூத்தவள் செத்ததும், அடுத்துப் பிறந்தவளுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வழக்கம். எப்படி மறந்தாள்?

வெளிச்சம் அணைந்தது.

கதவில் மோதினாள். அசையவில்லை. மூச்சு முட்டியது.

முதுகுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு.

"அது என் பேரு." குழந்தைக் குரல். "என் தங்கச்சிக்குக் குடுத்தாங்க. அப்புறம் உனக்கு. நீ என்னை அடிச்சே வுட்டுட்டே."

"தெரியாம செஞ்சுட்டேன்... எடுத்துக்கோ! பேரை நீயே எடுத்துக்கோ! என்னை விட்டுடு!"

"நெசமா?"

"நெசமா!"

சில்லென்ற சிறு விரல்கள் அவள் தொண்டையைத் தடவின.

வெளியே பனியில் காலடிகள் நெருங்கின. கொண்டி தூக்கப்பட்டது. கண் கூசும் பகல்.

"சைலன்ஸ் அம்மணி! பயந்துட்டீங்களா?"

இங்கேதான் இருக்கேன் என்று கத்தப் பார்த்தாள். வாய்தான் திறந்தது. முனகலுக்கு மேல் சத்தம் வரவில்லை. கால் நகரவில்லை.

அவளை உரசிக்கொண்டு யாரோ வெளியே போனார்கள். அவளுடைய சிவப்புக் கோட்டில், அவளுடைய நடையில்.

"உள்ள யாரோ முனகுற மாதிரி இருக்கே?" என்றார் ஓபடையா.

அவளுடைய குரலே சிரித்தபடி பதில் சொன்னது.

"அவளுக்குப் பேரே கிடையாது அண்ணே. பூட்டிடுங்க."