அட்மிஷன் கட்டுரையைக் காணோம்!

"ஐயோ... கொலை! யாராவது வாங்களேன்... கொலை!"

காலை எட்டு நாற்பது. கேல்டர் கல்லூரியின் அட்மிஷன் கட்டடமே அதிர்ந்தது.

அலறியவர் ரேமண்ட் குவான். வயது ஐம்பத்து மூன்று. தொழில், பல் டாக்டர். இருபத்தைந்து வருடமாக மற்றவர்கள் அலறுவதையே கேட்டுப் பழகியவர். இன்று அவர் முறை!

அவர் காலடியில், கம்பளத்தின் மேல்...

அட்மிஷன் டீன் தியோடர் விங்கேட் மல்லாந்து கிடந்தார்.

நெற்றியில் ரத்தம். பக்கத்தில் கல்லூரியை நிறுவியவரின் வெண்கலத் தலை. அதன் மூக்கிலும் ரத்தம்!

பதினோரு நிமிடத்தில் போலீஸ் கார் வந்து நின்றது.

இறங்கியவள் லொரெட்டா பெட்வே. மேப்பிள்டன் ஊர் போலீஸில் இருக்கும் ஒரே டிடெக்டிவ். ஐம்பத்தொரு வயதுக் கறுப்பினப் பெண். கையில் பாதி கடித்த டோனட். பின்னாலேயே ஸ்டான் நோவாக். ரிடையர் ஆக நான்கே மாதம் பாக்கியிருக்கும் கான்ஸ்டபிள். அதனால் எதற்கும் பயப்படாதவன்.

ஸ்டான் குனிந்து டீனின் மூக்கருகே விரலை வைத்தான்.

"பாஸ்... பொணம் மூச்சு விடுது."

"யோவ், அப்ப அது பொணம் இல்லய்யா. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

லொரெட்டா பல் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க, டாக்டர்?"

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரிசல்ட் மேடம். அதுக்கு முன்னாடி டீனைப் பார்த்து நாலு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன். என் பையன் எல்டன்... கணக்குல முழு மார்க். வயலின் வாசிப்பான். ஆனா 'குணநலன்'னு ஒரு கட்டம் இருக்காம். அதுல சுமார்னு போட்டிருக்காங்களாம். இன்டர்வ்யூ எடுத்தவரே வாய் தவறிச் சொல்லிட்டாரு. பத்து நிமிஷம் போன்ல பேசி என் பையனோட குணத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்களா? நான் பதினேழு வருஷமா கூடவே இருக்கேன்... எனக்கே இன்னும் புரியலை!"

"அந்தக் கோபத்துல டீன் மண்டையை உடைச்சிட்டீங்க."

"மேடம்...! நான் பல்லைத் தவிர வேற எதையும் உடைச்சதில்லை!"

வாசல் கேமரா அவர் பக்கம் பேசியது. குவான் உள்ளே வந்தது எட்டு முப்பத்தெட்டு. டீன் நெற்றியில் இருந்த ரத்தமோ ஏற்கெனவே காய ஆரம்பித்திருந்தது.

"கீழ ஹால்ல உக்காருங்க. ஊரை விட்டுப் போகக் கூடாது."

"ரிசல்ட் வர்ற வரைக்கும் நானே போக மாட்டேன்!"

ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கியபோது டீன் கண் திறந்தார். உதடு துடித்தது.

"பின்னால... பின்னால இருந்து அடிச்சிட்டான்..."

"யாரு சார்?"

"உயரமா... தலையை மூடின ஸ்வெட்டர்... கறுப்பு ஆளு..."

ஸ்டான் இருமினான். லொரெட்டா டோனட்டின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

'உயரமான கறுப்பு ஆள்.' சர்வீஸில் அவள் தேடிப்போன ஆட்களில் பாதிப் பேர் அவன்தான். ஒரு தடவை கூட அவன் கிடைத்ததில்லை!

*

"ஒரே ஒரு பைலைத்தான் காணோம், சிஸ்டர்!"

துணை டீன் ஓடெட் பாட்டிஸ்ட் அலமாரியைக் காட்டினாள். நாற்பத்து நான்கு வயது. லூசியானாக்காரி. அந்தக் கட்டடத்தில் லொரெட்டாவின் நிறத்தில் இருந்த ஒரே அதிகாரி.

"யாரோட பைல்?"

"ஸ்லோன் ஹார்கோர்ட்னு ஒரு பொண்ணு. சீட் கொடுக்கிறதா முடிவாகிடுச்சு. கம்ப்யூட்டர்ல இருந்தும் அழிச்சிருக்காங்க. காலைல எட்டு அஞ்சுக்கு. டீனோட பாஸ்வேர்டுல."

"கள்ளன் பாஸ்வேர்டும் தெரிஞ்சவனா?" ஸ்டான் புருவத்தைத் தூக்கினான். "சீட் கிடைக்காதவன் பைலைத் திருடினா அர்த்தம் இருக்கு. கிடைச்ச பொண்ணு பைலை எவனாவது திருடுவானா?"

"அதான் எனக்கும் புரியலை. இன்னிக்கு மத்தியானம் காலேஜ் வக்கீல் வேற வர்றாரு. இனத்தைப் பத்தி எழுதியிருக்கிற கட்டுரையை எல்லாம் எடுத்து, அந்தப் பசங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் பண்ணிப் பேசப்போறாரு."

"அது எதுக்கு?"

"போன வருஷத் தீர்ப்புதான். இனத்தைப் பார்த்து சீட் கொடுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சில்ல? ஆனா அந்த நிறத்தால என்ன பட்டோம்னு கட்டுரையில எழுதலாம். அதனால இப்ப எல்லாரும் எழுதறாங்க. நிஜமா பட்டவன், படாதவன்... எல்லாரும்!"

"தீர்ப்புக்கு அப்புறம் நம்ம பசங்க குறைஞ்சிட்டாங்களா?"

"பாதியாயிட்டாங்க. அதுக்காகத்தான் முந்தாநேத்து டீன்கிட்ட கத்தினேன். கத்தினதுக்கு நிறைய சாட்சி இருக்கு. அதனால அடுத்து என்னைத்தானே சந்தேகப்படப் போறீங்க?"

"உங்களை அப்பவே சந்தேகப்பட்டாச்சு. வேலையில சேர்ந்தா அதுதான் முதல் பாடம்," என்றாள் லொரெட்டா. "நானும் இங்க படிச்சவதான். தொண்ணூறாம் வருஷ பேட்ச். முதல் நாள், பெட்டியைக் கூடத் திறக்கலை. ரூம்மேட் கேட்டா... 'உனக்குக் கோட்டாவுல கிடைச்சுதா?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'உனக்கு உங்கப்பா கோட்டாவா?'ன்னு கேட்டேன். நாலு வருஷம் பேசவே இல்லை. நிம்மதியா படிச்சேன்."

சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி அந்த ரூம்மேட்டோடு முடியவில்லை. புரொபசர் கேட்டார். முதல் இன்ஸ்பெக்டர் கேட்டார். யாரும் வாயைத் திறந்து கேட்காத நாட்களில், லொரெட்டா தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள்.

ஓடெட் கைப்பையைத் திறந்தாள்.

"இதைச் சொன்னா என் வேலை போயிடும். அந்தப் பொண்ணோட கட்டுரையை ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன். வீட்ல திரும்பப் படிச்சு அழுதேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு."

லொரெட்டா தாளை வாங்கினாள்.

படித்தாள்.

'அந்தக் கடையில் நான் வாங்கியது ஒரு ஜோடி காலுறை. என்னோடு வந்தது ஒரு காவலாளி...'

மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள்.

"பாஸ்?" ஸ்டான் கிட்ட வந்தான்.

"மூணாவது பாராவைப் பாரு ஸ்டான். அந்தப் பொண்ணு திரும்பி நின்னு காவலாளிகிட்ட ஒண்ணு சொல்லுவா. என்ன எழுதியிருக்கு?"

ஸ்டான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். "'இவ்வளவு தூரம் பின்னாலேயே வர்றீங்களே... பையையாவது தூக்கிட்டு வாங்களேன்.' ஹா... செம பொண்ணு! ஆமா... மூணாவது பாராவுல இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பொண்ணு நான்தான்யா!"



"பஃபலோன்னு எங்க ஊர்ல, செருப்புக் கடையில, பதினாறு வயசுல நடந்தது. எங்க சமையலறை மேஜையில உக்காந்து நானே டைப் அடிச்சது. இந்தக் காலேஜுக்கு அனுப்பினது. பஃபலோவை மட்டும் ராச்செஸ்டர்னு மாத்தியிருக்காங்க. மத்ததெல்லாம் அப்படியே... நான் விட்ட காற்புள்ளி உட்பட!"

*

பழைய பைல்கள் அடித்தளத்தில். இரும்புக் கதவு.

"சாவி யார்கிட்ட?"

"டீன்கிட்ட மட்டும்தான். மாத்துச் சாவி அவர் மேஜையில," என்றாள் ஓடெட்.

1990. 'P' வரிசை. பீட்டர்ஸ்... பெட்டிட்... பிலிப்ஸ்...

பெட்வே இல்லை! தூசி படிந்த பெட்டியில், ஒரு பைல் அகலத்துக்குச் சுத்தமான இடைவெளி.

லொரெட்டா போனை எடுத்தாள். ஓடெட் கொடுத்த நம்பர். இரண்டாவது மணியில் எடுத்தது ஒரு இளம் குரல்.

"ஸ்லோனா? போலீஸ்ல இருந்து பேசறேன். பயப்படாதே. கேல்டர் காலேஜுக்கு நீ அனுப்பின கட்டுரை எதைப் பத்தி?"

"குதிரையைப் பத்தி மேடம். நான் கீழ விழுந்தேன். குதிரை திரும்பிப் பார்த்துட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. ஏன்... நல்லா இல்லையா?"

"யாராவது அதைத் திருத்தினாங்களா?"

"அப்பா சொன்னாரு, தியோ அங்கிள் கொஞ்சம் மெருகு போடுவாருன்னு. அப்பா படகுக் கடை வச்சிருக்காரு. அங்கிள் போன மாசம்தான் எங்ககிட்ட புதுப் படகு எடுத்துக்கிட்டாரு..."

லொரெட்டா தாளின் முதல் இரண்டு வரியை மட்டும் படித்துக் காட்டினாள்.



"மேடம்... நான் வெள்ளைக்காரி மேடம். என் பின்னால எந்தக் காவலாளியும் வந்ததே இல்லை." விசும்பல். "இது யாரோட கதை? அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

"தெரிஞ்சிடுச்சும்மா. நீ சொன்ன குதிரைக் கதையே தேவலாம்னு நினைக்கிறாங்க. அழாதே."

போனை வைத்தாள்.

"ஸ்டான்! ஏரிக்குப் போ. டீனோட புதுப் படகை வாரண்ட் வாங்கி அலசு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

*

டீன் விங்கேட் தலையணையில் சாய்ந்து ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் ஆறு தையல்.

"அவன் கிடைச்சிட்டானா, டிடெக்டிவ்?"

"தேடிட்டிருக்கோம் சார். ஒரே ஒரு சந்தேகம். பின்னால இருந்து அடிச்சான்னு சொன்னீங்க?"

"ஆமா. நான் ஜன்னல் பக்கம் பார்த்து நின்னுட்டிருந்தேன். திடீர்னு ஒரே அடி! அதோட நினைவு போயிடுச்சு. திரும்பக் கூட நேரமில்லை."

"திரும்பவே இல்லை?"

"இல்லவே இல்லை."

"அப்ப அவன் கறுப்புன்னு எப்படித் தெரிஞ்சது... அடி விழுந்த சத்தத்தை வச்சா?"

கரண்டியிலிருந்து ஜெல்லி நழுவியது.

"அ... அது... ஜன்னல் கண்ணாடியில..."

"சரி. கண்ணாடியில பார்த்தீங்க. வாசல் கேமராதான் அவனைப் பார்க்கவே இல்லை. பின்மண்டையில அடிச்சான். ஆனா காயம் முன் நெற்றியில இருக்கே! வெண்கலத் தலை யூ டர்ன் அடிச்சுதா?"

"நான் அடிபட்ட நோயாளி! என்னை இப்படி..."

"காகித பைலை நேத்தே ஒளிச்சு வச்சிட்டீங்க. எட்டு அஞ்சுக்கு உங்க பாஸ்வேர்டுல ஸ்லோன் பைலைக் கம்ப்யூட்டர்லயும் அழிச்சீங்க. மத்தியானம் வக்கீல் அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டா, குதிரை வெளிய வந்துடும். பைலைச் சும்மா அழிச்சா ஏன்னு கேப்பாங்க. அதனால ஒரு கள்ளன் தேவைப்பட்டான். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே கள்ளன் உயரமா, கறுப்பா இருந்தான். நீங்களே வெண்கலத்தை எடுத்து நெற்றியில லேசா தட்டிக்கிட்டீங்க. அது லேசாப் படலை!"

"ஆதாரம்? ஆதாரம் எங்கே?"

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ஸ்டான்.

"பாஸ்! படகுல, லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில ரெண்டு பைல். ஒண்ணு ஸ்லோன் ஹார்கோர்ட். இன்னொண்ணு... பதினேழு வயசு லொரெட்டா பெட்வே! போட்டோவுல எவ்வளவு முடி பாஸ் உங்களுக்கு!"

டீனின் முகம் அவர் நெற்றி பேண்டேஜை விட வெளுத்தது.

"பெட்வே..." கண்கள் மெல்ல விரிந்தன. "அது... நீங்களா?"

"நானேதான். இத்தனை ஆயிரம் கட்டுரை தூங்கற அறையில, தேடிப்பிடிச்சு போலீஸ்காரி கட்டுரையை எடுத்திருக்கீங்க. உங்களுக்கு ராசியே இல்லை சார். கையை நீட்டுங்க."

*

மாலை நாலரை. கீழ் ஹாலில் ரேமண்ட் குவான் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"மேடம்! டீனைப் பிடிச்சிட்டீங்களாமே?"

"ஆமா. நீங்க போகலாம்."

"அந்தப் பொண்ணு சீட்டே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுச்சாமே... அப்ப ஒரு சீட் காலியா மேடம்?"

"அதை ஓடெட்கிட்ட கேளுங்க. உங்க பையன் குணநலனைத் திரும்பப் பார்க்கப்போறாங்களாம். தயவுசெஞ்சு உங்களுதைக் காட்டிடாதீங்க!"

மாடியில், டீனின் மேஜை மேல், இரண்டு பைல்களையும் ஸ்டான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். அவளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"என்னய்யா?"

"நீங்களே பாருங்க பாஸ். கட்டுரையைப் படிச்சுப் பார்க்கிற அதிகாரி மார்க் போடுற சீட்டு."

லொரெட்டா பழைய பைலைப் பிரித்தாள். மஞ்சளேறிய சீட்டு.

'கட்டுரை: பத்துக்கு ஐந்து. நடை சுமார். இனத்தைக் கணக்கில் கொண்டு சேர்க்கலாம்.' கீழே ஓர் இளைஞனின் கையெழுத்து. அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தியோடர் விங்கேட்!

புதிய பைல். வெள்ளைச் சீட்டு.

'கட்டுரை: பத்துக்கு ஒன்பதரை. அபூர்வமான நடை. இந்தப் பெண் எங்கே போனாலும் ஜொலிப்பாள்.'

அதே கட்டுரை. அதே கையெழுத்து!

லொரெட்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பத்து நான்கு வருடமாக நெஞ்சில் கிடந்த ஒரு கல்... அசைந்தது. உருண்டது. போயே போயிற்று!

சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

ஸ்டான் பயந்துபோய்ப் பேனாவை எடுத்தான்.

"பாஸ்... டீன் மேல என்னென்ன கேஸ் எழுதட்டும்?"

"பொய்ப் புகார். லஞ்சம். சாட்சியத்தை அழிச்சது..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள் லொரெட்டா. "அப்புறம் இன்னொண்ணு எழுதிக்கோ... நாலரை மார்க் திருட்டு!"