ஆறாத டிஸ்க்

"நான் செத்தாலும் ஒண்ணும் குறையாது மச்சான். என்னையே மொத்தமா நகல் எடுத்து வச்சிருக்கேன், தும்மல் உட்பட! ஒருநாள் உன் வாயாலேயே 'நடந்துச்சு அத்தான்'னு சொல்லுவே, பாரு."

அத்தான் இதைச் சொல்லாத சாப்பாட்டு வேளை கிடையாது. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றதும் கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தவர். கல்யாணப் படங்கள், மகளின் மழலை, நாலு தெரு நாய்களை ஓட வைத்த தன் பாட்டு, எல்லாவற்றையும் வாரம் தவறாமல் ஒரு டிஸ்கில் நகல் எடுத்து, துண்டில் சுற்றி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைப்பார்.

அந்த மச்சான், அதாவது அத்தானைக் கட்டிய அக்காவின் தம்பி, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். பால் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று பால்காரரையே மடக்கியவன். அதனால் கடைத்தெருவில் அவன் பெயர் 'சந்தேகம்'. "நிலத்தை அளந்த பழக்கம் அத்தான், இப்ப வாயும் அளக்குது" என்று சிரிப்பான்.

பிறகு அத்தான் போய்ச் சேர்ந்தார். அதே வாரம் அவருடைய கம்ப்யூட்டரும் கண்ணை மூடியது.

"கடை ஆள் யாரையும் அனுப்பாதே, நீயே வா" என்று அக்கா போனில் அழுதாள். "அவர் குரல் அதுலதான்டா இருக்கு. அதுவும் போச்சுன்னா எனக்குன்னு என்ன இருக்கு?"

மத்தியானமே போய்விட்டான். பழுதான பாகத்தை மாற்றினான். அக்கா பீரோவிலிருந்து துண்டுச் சுருளைக் கொண்டுவந்து நீட்டினாள். பிரித்தவன் கையை உதறினான். டிஸ்க் சூடாக இருந்தது. ஜுரக்காரன் நெற்றியைப் போல.

"யாருக்கா இதைச் சொருகினது?"

"நான் தொடவே இல்லடா." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். போகிற போக்கில் அறைக் கதவை ஏன் சாத்தினாள்?

டிஸ்கைச் சொருகினான். திரையில் வரிசையாகக் கேள்விகள். அவன் தொழிலில் அந்தக் கேள்விகளை எவனும் படிப்பதில்லை; விரல் தானாகவே 'ஆம்', 'ஆம்' என்று அழுத்திக்கொண்டே போகும். உலகத்தையே சந்தேகப்பட்டவன் அந்தப் பெட்டியை மட்டும் சந்தேகப்படவில்லை.

பச்சைக் கோடு ஒன்று திரையில் ஊர ஆரம்பித்தது. டிஸ்க் மெல்லக் கரகரத்தது. அது இயந்திரத்தின் சத்தமா, யாரோ தொண்டையைச் செருமப் பார்க்கும் சத்தமா என்று அவன் காதைக் கிட்டே கொண்டுபோனபோது, மூடிய அறைக்குள் தைல வாசனை, அத்தான் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் அதே தைலத்தின் வாசனை, எங்கிருந்தோ இழை இழையாகப் பரவி, கடைசியில் தன் நெற்றியிலிருந்தே வருவதைப் போல அவனுக்குத் தோன்றியது. துடைத்தான். விரல் பிசுபிசுத்தது.

எழுத்துகள் மங்கின. திரையில் கோளாறு என்று நினைத்துத் தட்டினான். இன்னும் மங்கின. தடவிய கையில் அத்தானின் கண்ணாடி அகப்பட்டது. மாட்டினான்.

பளிச்சென்று தெரிந்தது. அவனுக்குக் கண்ணில் குறையே கிடையாது.

எழுந்து ஓட நினைத்தான். கால் முட்டி வலித்தது. அத்தானுக்குத்தான் முட்டி வலி. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தான். வரவில்லை. வேறொன்று வந்தது. கல்யாண நாள். பக்கத்தில் புதுச் சேலையில் அக்கா. அவள் முந்தானையைப் பிடித்தபடி மூக்கு ஒழுக ஒரு பொடியன் முறைத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பொடியன் அவன்தான்.

கோடு முக்கால்வாசியைத் தாண்டியது. கீழே அவன் படிக்காமல் விட்ட வரி இன்னும் இருந்தது. 'மீட்க வேண்டிய இடம்: எதிரே உட்கார்ந்திருப்பவர். ஏற்கெனவே இருப்பதை அழிக்கலாமா?'

ஆம் என்றிருந்தது.

டிஸ்கைப் பிடுங்கப் போனான். கை வரவில்லை. விரல்கள் மேசைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அத்தானின் தாளம்.

கோடு நிறைந்தது.

கதவு திறந்தது. அக்கா, கையில் காப்பி. 'ஓடிடுக்கா' என்று கத்தினான். தொண்டை இரண்டு முறை செருமியது. அவ்வளவுதான்.

டம்ளரை வாங்கி ஒரு மிடறு குடித்தான். தம்பிக்கு எப்போதும் மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறவள், இன்று ஒன்றுமே போடவில்லை. அத்தான் குடிப்பது அப்படித்தான்.

அவள் பயப்படவில்லை. எதிரே உட்கார்ந்தாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். சிரித்தாள்.

"வந்துட்டீங்களா?"

"பின்னே? சொன்னேனா இல்லையா?" அத்தானின் குரல். "உன் தம்பிதான் நம்பவே இல்ல. எங்க, அவனையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு."

அவள் குனிந்து அந்தக் கண்களுக்குள், கிணற்றை எட்டிப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

"சொல்லுடா, கண்ணு."

எங்கோ அடியிலிருந்து, தம்பியின் குரல் கடைசியாக ஒருமுறை மேலே வந்தது.

"நடந்துச்சு, அத்தான்."