ஈரப் படியில் காய்ந்த பாதம்

கல்படி முழுவதும் நனைந்திருந்தது. நடுப்படியில் மட்டும் இரண்டு பாதங்கள் அளவுக்குக் காய்ந்திருந்தது.

சாள்ஸ் மஞ்சள் பெயிண்ட் டின்னைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். மத்தியானம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. குருவிட்ட ஊர்ப் பக்கத்து மழைக்கு வெட்கம் மானம் கிடையாது. வந்தால் வந்த வேலையை முடிக்காமல் போகாது. காட்டு இலைகளில் தட்டி, பாசி பிடித்த கற்களில் வழிந்து, அவன் சப்பாத்துக்குள் புகுந்து, அட்டை கடித்த இடங்களின் இரத்தத்தையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்கியது. படியில் ஓடிய தண்ணீர் அந்த இடத்துக்கு வந்ததும் பிரிந்து, சுற்றிக்கொண்டு போனது. குதிகால் தெளிவாகத் தெரிந்தது. விரல்களும் தெரிந்தன. விரல்கள் அவன் பக்கம் பார்த்திருந்தன.

ஏதாவது கிளை மறைக்கிறதாக்கும் என்று நிமிர்ந்தான். மேலே வானம்தான் இருந்தது. கல்லில் பழைய விளக்கெண்ணெய் ஊறியிருக்கும் என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, பக்கத்து மரத்தில் அம்புக்குறி போடத் தொடங்கினான்.

தோட்டத்துப் பழைய தொரை பங்களா இப்போது ஹோட்டல். வெளிநாட்டுக்காரர்கள் தேயிலை பார்க்க வருவதில்லை, நடக்க வருகிறார்கள். அதற்காக மனேஜர் ஒரு பாதை கண்டுபிடித்திருந்தார். பங்களாவிலிருந்து மலையேறி, ராஜா காலத்தில் ஆள் இருந்த பரணகம என்ற பாழூரைச் சுற்றி, மறுபக்கம் ரப்பர் மலை வழியாகத் தொழிலாளர் வரிசைவீடுகள் இருக்கும் லயத்துக்கு இறங்கும் பாதை. இடிந்த மதில், தூர்ந்த அகழி, இந்தக் கல்படிகள், கடைசியில் லயம். லயத்தில் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க அவர்களுக்கு ஆசையாம். சாள்ஸ் குடியிருக்கும் லயம்தான். கைட் வேலை அவனுக்குக் கிடைத்ததே, அவன் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா பாதை முடிகிற இடத்தில் இருந்ததால்தான். காலையிலிருந்து வீட்டுப் பக்கமிருந்து மேலே ஏறிக்கொண்டே மரத்துக்கு மரம் அம்பு போட்டு வந்தான். எல்லா அம்புகளும் பாழூரிலிருந்து அவன் வாசலை நோக்கித்தான் இருந்தன.

காலையில் பெயிண்ட் கொண்டுவந்து கொடுத்தவன் ஹோட்டல் டிரைவர் விமலசிறி. அவனிடம் ஒரு பழைய விளையாட்டு உண்டு. தமிழில் ‘என்ன’ என்பது கேள்வி. சிங்களத்தில் அதே சத்தத்துக்கு ‘வாங்க’ என்று அர்த்தம். சாள்ஸ் யாரிடமாவது “என்ன?” என்று கேட்டால் போதும், விமலசிறி ஓடி வந்து மூக்கோடு மூக்கு முட்ட நின்று, “என்ன கிவ்வா நே? ஆவா” என்பான். வரச் சொன்னாயே, வந்துவிட்டேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சிங்களப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு சாள்ஸுக்குப் புளித்துப்போன கேலி. இன்று காலை விமலசிறி அதை விளையாடவில்லை.

“மச்சான், அந்தப் படிக்கட்டுல ரொம்ப நேரம் நிக்க வேணாம்,” என்றான். “ராஜா காலத்துல மேல ஊருக்கு அம்மை வந்தது. கீழ ஊர் ஆளுங்க முள்ளு போட்டு பாதைய மூடிட்டாங்க. ஆனாலும் அவங்க எறங்கி வந்தாங்களாம். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னாங்களாம். உள்ளுக்கு ‘என்ன’ சொல்லி ஒருத்தரும் கூப்பிட இல்ல. நின்ன எடத்துலயே செத்தாங்க. எங்க அம்மா சொல்றது, இன்னும் நிக்கிறாங்களாம்.”

“டூரிஸ்ட்காரங்களுக்கு நல்ல கதைதான்,” என்று சாள்ஸ் சிரித்தான். விமலசிறி சிரிக்காமல் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அதை நினைத்துக்கொண்டே அம்பின் முனையைத் தீட்டி முடித்தபோது முதுகுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.

“ஓய்.”

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, பல நாள் தண்ணீர் காணாத தொண்டை. பின்னால் கூப்பிட்டால் எவனும் செய்வதைத்தான் சாள்ஸும் செய்தான். பிரஷ்ஷை உதறிக்கொண்டே, திரும்பாமலே, “என்ன?” என்றான்.

திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. நடுப்படியில் இப்போது தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. அதற்குக் கீழே, அவனுக்குக் கிட்டத்தில் இருந்த படியில், இரண்டு பாதங்கள் காய்ந்திருந்தன.

“யாரு அது? என்ன வேணும்?”

கண் முன்னாலேயே அடுத்த படி வெளுத்தது. முதலில் குதிகால், பிறகு விரல்கள். புண்ணில் கட்டி நாள்பட்ட துணியை அவிழ்த்தால் வருமே, அந்த வாடை மழையையும் மீறி மூக்கில் ஏறியது. சாள்ஸின் கையிலிருந்து பிரஷ் நழுவியது.

“என்ன இது... மாதாவே, என்ன இது...”

வாயிலிருந்து வந்த பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. அவன் நின்ற படியும் காய்ந்தது. அவன் சப்பாத்து நுனிக்கு எதிரே விரல்கள். மழை அவன் தலையில் விழுந்தது, தோளில் விழுந்தது, முகத்துக்கு நேரே மட்டும் விழவில்லை. அங்கே ஒரு மூச்சு இருந்தது. மூக்கோடு மூக்கு முட்ட.

வரச் சொன்னாயே. வந்துவிட்டேன்.

சாள்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து சிங்களமும் பேசுகிறவன். ‘என்ன’ என்பதற்குச் சிங்களத்தில் ‘மொகத’ என்று கேட்டிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. பயத்தில் வாய்க்கு வந்தது தாய்மொழி, வேறென்ன வரும்? அழுகை வந்தது. சிங்களத்தில் போகச் சொல்லும் வார்த்தையைத் தேடிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்.

“யன்ன! யன்ன!”

மூச்சு விலகியது. கன்னத்தை ஒட்டிக் குளிர்ந்த காற்று ஒன்று கடந்துபோனது. கண்ணைத் திறந்தான். மேலே போகும் படிகள் எல்லாம் நனைந்திருந்தன. நல்லவேளை என்று ஒரு கணம் நெஞ்சு ஆறியது.

பிறகு கீழே பார்த்தான். அவனுக்குக் கீழ்ப்படி காய்ந்திருந்தது. அதற்கும் கீழ்ப்படி காய்ந்துகொண்டிருந்தது.

போ என்றான். எங்கே போ என்று சொல்லவில்லை. அது போய்க்கொண்டிருந்தது, அவன் போட்ட மஞ்சள் அம்புகளைப் பார்த்து.

வீட்டில் பெண்சாதி ரோஷானி தனியாக இருந்தாள். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை சேலைத் தொட்டிலில் கிடந்தான். இன்னும் ஞானஸ்நானம்கூடக் கொடுக்கவில்லை. சாள்ஸ் ஓடினான். வழுக்கி விழுந்து, முழங்கை உரிந்து, எழுந்து ஓடினான். காடு முடிந்து ரப்பர் மலை வந்தது. வரிசை வரிசையாக மரங்கள், சிரட்டைகளில் மழைத்தண்ணீரோடு கலந்து புளித்த பால், ஊறிப்போன சருகு. அந்தச் சருகுக்கு நடுவே, அம்பு போட்ட ஒவ்வொரு மரத்தடியிலும், பாத அளவுக்குச் சருகு மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. எவ்வளவு ஓடினாலும் அது அவனுக்கு முன்னால்தான் இருந்தது.

ரப்பர் மலை வளைவில் போனுக்கு சிக்னல் வரும். எடுத்து ரோஷானியின் பெயரில் விரலை வைத்தான். வைத்த விரல் அப்படியே நின்றது.

லயத்துப் பெண்கள் எல்லோரையும் போல ரோஷானியும் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவனைக் கூப்பிட அவளுக்கு ஒரே வார்த்தை. போனை எடுத்ததும் முதலில் அதைத்தான் சொல்வாள். கோபத்திலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான்.

என்னங்க.

விரலை எடுத்துவிட்டான். ஒரு மெசேஜ் அடித்தான். ‘ஒன்னும் பேசாத. வாயே தொறக்காத. நான் வாறேன்.’ ஒற்றை டிக்தான் விழுந்தது. லயத்துக்குள் சிக்னல் வந்து வந்து போகும். மறுபடியும் ஓடினான்.

லயம் தெரிந்தபோது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் அவன் வாடைக்கே குரைத்துக்கொண்டு வரும் நாய்கள் சாக்கடைக் கானுக்குள் உடம்பை ஒடுக்கிக் கிடந்தன. ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்களில் கதவு சாத்தியிருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அவன் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே விளக்கு வெளிச்சம். கூரை உத்தரத்திலிருந்து தொங்கிய தொட்டில். பிள்ளையின் கால் அசைந்து சேலை லேசாக ஆடியது.

வாசற்படி சீமெந்து. கூரை அதுவரைக்கும் எட்டாது. மழை அதில் தெறித்துக்கொண்டிருந்தது.

நடுவில் இரண்டு பாதங்கள் காய்ந்திருந்தன. விரல்கள் வீட்டுக்குள் பார்த்திருந்தன.

நின்றது. தாண்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை. இன்னும் கூப்பிடவில்லை.

சாள்ஸ் முற்றத்திலேயே நின்றுவிட்டான். கிட்டப் போனால் என்ன செய்யுமோ தெரியாது. கத்தினால் அவள் பதில் கொடுப்பாள். ஓடிப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது, கால் வரவில்லை. அடுப்படிப் பக்கமிருந்து ரோஷானி வெளிச்சத்துக்கு வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். அவனைப் பார்த்துவிட்டாள். நனைந்து, சேறாகி, முழங்கையில் இரத்தம் வழிய நின்ற புருஷனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

சாள்ஸ் வாயில் விரலை வைத்தான். தலையை ஆட்டினான். இரண்டு கையையும் கூப்பினான். பேசாதே. பேசாதே ரோஷானி. கும்பிடுகிறேன்.

வாயைத் திறக்கப் போனவள், புரியாமல் நின்றாள். மூடிக்கொண்டாள். அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். இன்னொரு அடி.

அவள் பக்கத்து மேசையிலிருந்த போன் டிங் என்றது.

குனிந்து பார்த்தாள். படித்தாள். பயந்துபோய் நிமிர்ந்தாள்.

“என்னங்க! ஏங்க பேசாதன்னு அனுப்பியிருக்கீங்க? என்னங்க ஆச்சு?”

வாசற்படியில் காய்ந்திருந்த இடத்தின் மேல் மழை விழுந்தது. முதலில் ஒரு துளி. பிறகு எல்லாத் துளியும். படி முழுவதும் நனைந்தது.

“உள்ளுக்கு வாங்க முதல்ல, நனையாம,” என்றாள் ரோஷானி.

அவளைத் தாண்டி, அன்று காலை அவள் மெழுகித் துடைத்துவிட்ட சீமெந்துத் தரையில், முதல் ஈரப் பாதம் விழுந்தது. வெளியே காய்ந்திருந்தது உள்ளே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அடுத்த பாதம். அடுத்தது. ரோஷானி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தடங்கள் தொட்டில் வரைக்கும் போயின. அதற்கப்பால் போகவில்லை. திரும்பி வரவும் இல்லை.

தொட்டில் ஆடுவது நின்றது. உத்தரம் ஒருமுறை முனகியது. உள்ளே ஒரு பெரிய ஆள் ஏறிப் படுத்தது போலச் சேலை கீழே கீழே இழுபட்டு, அடிவயிறு தரையைத் தொட்டது. சேலையிலிருந்து தண்ணீர் கசிந்து சீமெந்தில் பரவியது.

“ஓய்,” என்றது தொட்டில்.

பிள்ளை முழித்துக்கொண்டான் என்று நினைத்து ரோஷானி சிரித்தபடி திரும்பினாள்.

“என்னடா தங்கம்?” என்றாள்.